போர்ஷேயா, எம்ஆர்2-வா, எம்எக்ஸ்-5-ஆ? பழைய இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்

கேள்வி: வீட்டுத் தேவைக்கு ஒரு கார் இருக்கிறது. வார இறுதிகளில் வளைவுச் சாலைகளில் ஓட்டி மகிழ, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கலாம் என்று சில ஆண்டுகளாகச் சேமித்து வருகிறேன். இப்போது ஏறக்குறைய ஒரே விலைக்கு மூன்று கார்கள் கிடைக்கின்றன. 2002 போர்ஷே பாக்ஸ்டர் 2.7, 2001 டொயோட்டா எம்ஆர்2, 2007 மாஸ்டா எம்எக்ஸ்-5 2.0. மூன்றுமே மேனுவல் கியர். சேமிப்பு முழுவதையும் போட்டால் பாக்ஸ்டரை எடுத்துவிடலாம். போர்ஷே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது மற்றதை ஏன் பார்க்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. ஆயில், பிரேக் பேட் மாற்றும் அளவுக்கு எனக்குக் கைவேலை தெரியும். அதற்கு மேல் தெரியாது. உயரம் 183 செ.மீ. எதை எடுக்கலாம்? பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? எம்எக்ஸ்-5-இல் துணிக்கூரை நல்லதா, மடங்கும் கடினக்கூரை நல்லதா?

பதில்:

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒரே ஒரு வரிதான்: "சேமிப்பு முழுவதையும் போட்டால்". மூன்று காரில் எதை எடுத்தாலும் அப்படிச் செய்யாதீர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை காலப்போக்கில் இறங்கும். அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது. புதிதாக இருந்தபோது பாக்ஸ்டர் எம்எக்ஸ்-5-ஐவிட மிக விலை உயர்ந்த கார். இன்று இரண்டும் ஒரே விலைக்கு நிற்கலாம். ஆனால் கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் டிஸ்க், கூலன்ட் குழாய் என்று வாங்கப் போகும்போது பாக்ஸ்டருக்கு இன்னும் போர்ஷே விலைதான். ஆயில் மாற்றுவதையே பாருங்கள்: பாக்ஸ்டருக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும், எம்எக்ஸ்-5-க்கு அதில் பாதி போதும். ஒவ்வொரு வேலையிலும் இந்தக் கணக்கு தொடரும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்பவர்கள் வைத்திருந்த கார்கள்தான் சந்தையில் "மலிவாக" வந்து நிற்கின்றன. அவர்கள் தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் அடுத்து வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

ஆகவே முதலில் ஒரு கணக்கு. மொத்தச் சேமிப்பில் எம்எக்ஸ்-5 என்றால் கால் பங்கையும், எம்ஆர்2 என்றால் மூன்றில் ஒரு பங்கையும், பாக்ஸ்டர் என்றால் கிட்டத்தட்டப் பாதியையும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். மீதிக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் உங்கள் விலை வரம்பு. இந்த வரம்பில் நல்ல பாக்ஸ்டர் கிடைக்காது. ஆனால் மிக நல்ல எம்எக்ஸ்-5 கிடைக்கும். என் பரிந்துரை எம்எக்ஸ்-5. எம்ஆர்2 இரண்டாவது, அதுவும் கீழே சொல்லும் ஒரு சோதனையில் தேறினால் மட்டும். இது வெறும் பணக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். எம்எக்ஸ்-5-க்கு ஏறக்குறைய 1,100 கிலோ எடை, முன்னால் என்ஜின், பின்சக்கர இழுவை, சுமார் 160 குதிரைத்திறன். வளைவில் அது செய்வதையெல்லாம் கையும் இடுப்பும் உடனே உணரும். நீங்கள் சொல்லும் வார இறுதி ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கார் இந்த விலையில் இல்லை.

உயரம் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1989 முதல் 2005 வரையான முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5-இல் ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கவே முடியாது. 183 செ.மீ. உயரத்துக்குத் தொடை ஸ்டியரிங்கில் இடிக்கலாம், தலை கூரையைத் தொடலாம். நீங்கள் பார்த்திருக்கும் 2007 கார் மூன்றாம் தலைமுறை. அதில் இடம் தாராளம், ஸ்டியரிங்கையும் ஏற்றி இறக்கலாம். முன்பின் நகர்த்த மட்டும் முடியாது. கூரையை மூடிவிட்டு, நீங்கள் வழக்கமாக அணியும் ஷூவோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கிளட்சை முழுதாக மிதிக்கும்போது முழங்கால் எங்கே போகிறது என்று கவனியுங்கள். நிறையப் பேர் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாங்கி, ஆறு மாதத்தில் விற்பதற்குக் காரணம் இதுதான்.

இனி, எம்எக்ஸ்-5-ஐப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை. முந்தின நாளே விற்பவரிடம் "நான் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போது கேட்கும் ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதே நல்லது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். 2009-க்கு முந்தைய 2.0 என்ஜினில் இது சம்பிரதாயமான சோதனை இல்லை. ஆயில் குறைந்த நிலையில் வேகமாக ஓட்டினால் பிஸ்டன்களைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேய்ந்து என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். இந்த என்ஜின்கள் போவதற்கு முக்கியமான காரணம் அதுதான். கம்பியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், அந்த உரிமையாளர் எப்படிப் பராமரித்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஸ்டார்ட் ஆனபின் ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். மேலே மெல்லிய டிக் டிக் சத்தம் வந்தால் பரவாயில்லை. அடியிலிருந்து கனமாக, ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது கூடுகிற தட்டல் கேட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இந்த என்ஜினில் டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை; அதனால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

அடுத்து கூலன்ட் சேர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி. புதிதில் வெண்மையாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக மஞ்சளாகி, பழுப்பாகி, ஒட்டு விளிம்பில் முடி போன்ற விரிசல் விடும். மூன்றாம் தலைமுறைக்கு இது தெரிந்த பலவீனம். தொட்டி திடீரென்று வெடித்தால் கூலன்ட் முழுவதும் ஒரு நிமிடத்தில் வெளியே போய்விடும். ஓட்டுகிறவர் கவனிப்பதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். தொட்டி பழுப்பாக இருந்தால் பேரம் பேசக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். மலிவான பாகம், உங்கள் கைவேலைக்கு எட்டும் வேலை.

துருவுக்கு வருவோம். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் துருவை முதலில் பாருங்கள், என்ஜினைப் பிறகு பாருங்கள். என்ஜின் போனால் வேறு என்ஜின் வாங்கி மாட்டலாம். காரின் எலும்புக்கூடு அரித்துவிட்டால் வெட்டி ஒட்டும் செலவு காரின் விலையைத் தாண்டும். எம்எக்ஸ்-5 துருப்பிடிக்கும் விதம் தனி. மழைநீர் துணிக்கூரையில் விழுந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகள் வழியாகக் காருக்கு அடியில் போக வேண்டும். இலை, மண், கூரைத்துணியின் நூல் எல்லாம் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிடும். அப்போது நீர் தேங்கி, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிச்சட்டத்துக்குள்ளோ காரின் தரைவிரிப்புக்கு அடியிலோ இறங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கும்.

இதைச் சோதிக்க அரை லிட்டர் தண்ணீர் போதும். விற்பவரிடம் சொல்லிவிட்டுக் கூரையைப் பாதி மடக்குங்கள். சீட் பெல்ட் மாட்டியிருக்கும் கோபுரத்துக்குப் பின்பக்க மூலையில் வடிகால் வாய் தெரியும். அதில் மெதுவாக ஊற்றுங்கள். கூட வந்தவரை, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் நீர் தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ மேலே தேங்கி நின்றாலோ துளை அடைத்திருக்கிறது. அடைப்பை எடுப்பது பத்து நிமிட வேலை. எத்தனை ஆண்டாக அடைத்திருந்தது என்பதுதான் பிரச்சினை. இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை பொய் சொல்லாது. அதன்பின் குனிந்து, பின்சக்கர வளைவின் முன்பக்கமும் கதவடிச் சட்டமும் சேரும் இடத்தில் கட்டைவிரலால் வலுவாக அழுத்திக்கொண்டே போங்கள். தகடு நெளிந்தாலோ நறநறவென்று சத்தம் வந்தாலோ உள்ளே அரித்திருக்கிறது. பெயின்டுக்கு அடியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதைப்போல் பல மடங்கு உள்ளே இருக்கும்.

விலை குறைவாக இருக்கிறதே என்று 1998 முதல் 2005 வரையான இரண்டாம் தலைமுறைக் கார் யாராவது காட்டினால், முன்பக்கச் சேஸிஸ் சட்டங்களை அவசியம் பாருங்கள். அங்கே தகடு இரட்டை அடுக்காக இருப்பதால் நடுவில் ஈரம் தங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். அடிப்பக்கப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினால்தான் தெரியும். கழற்ற விடமாட்டேன் என்றால் அந்தக் கார் வேண்டாம். முதல் தலைமுறை 1.6-இல் வேறு சிக்கல். 1991 நடுப்பகுதி வரை வந்த என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை சிறியது. அதில் புல்லி பிடிப்பு தளர்ந்து, அதை நிறுத்தி வைக்கும் சிறு உலோகத் துண்டு (கீ) தேய்ந்தால் என்ஜின் டைமிங் கெட்டு, கடைசியில் கிராங்கே வீணாகும். பானட்டைத் திறந்து என்ஜினின் முன்னால் கீழே உள்ள புல்லியைப் பாருங்கள். வெளிப்புறத்தில் நான்கு வெட்டு இருந்தால் சிறிய முனை, எட்டு இருந்தால் பெரியது. ஐட்லிங்கில் புல்லி ஆடாமல் சுற்றுகிறதா என்றும் கவனியுங்கள். இவ்விரண்டு தலைமுறைகளிலும் டைமிங் பெல்ட் உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டரி டிக்கியில் இருக்கும். ஆசிட் கசிந்து தரைத் தகட்டைத் தின்றிருக்கிறதா என்று தூக்கிப் பார்க்க வேண்டும்.

2007 காருக்குத் திரும்புவோம். காரை ஏற்றி நிறுத்தியதும் பின்சக்கரச் சஸ்பென்ஷனில் அலைன்மென்ட் சரிசெய்யும் நீள போல்ட்டுகளைப் பாருங்கள். ரப்பர் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தால் அலைன்மென்டே செய்ய முடியாது. போல்ட்டை அறுத்து, ஆர்மோடு மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பின் கேலிப்பர் இறுகுவதும் வழக்கம். ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோனால், இறுகிய சக்கரம் மற்றதைவிட நன்றாகச் சுடும்.

விபத்தில் சிக்கிய கார்களும் இந்த வகையில் அதிகம், ஏனென்றால் ஓட்டக் கற்றுக்கொண்டே வேகமாகப் போகிறவர்கள் வாங்கும் கார் இது. பட்டி போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: எம்எக்ஸ்-5-இன் பானட் அலுமினியம், மூன்றாம் தலைமுறையில் டிக்கி மூடியும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாதது குறையில்லை. மற்ற தகடுகளில் ஒட்ட வேண்டும். காந்தத்தைவிட நம்பகமானவை பானட் கீல் போல்ட்டுகளும் முன் ஃபெண்டர் போல்ட்டுகளும். அவற்றின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் அந்தப் பாகத்தை யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். சிறு இடி என்று ஒத்துக்கொண்டு போட்டோ காட்டுகிறவர் பரவாயில்லை. "தெரியாது" என்பவரிடம் வேலை வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ் குறைந்தது அரை மணி நேரம் இருக்கட்டும். ரேடியோவை அணைத்துவிடுங்கள். முதலில் குளிர்ந்த நிலையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். சூடானபின் பிடிக்கக் கூடாது. மூன்றிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கரகரப்பு வந்தால் கியர் சேர உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. கிளட்சைச் சோதிக்க நான்காவது கியரில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். என்ஜின் சுழற்சி மட்டும் துள்ளி ஏறி, கார் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது பின்னாலிருந்து டொக் என்று கேட்டால் டிஃபரன்ஷியல் மவுன்ட்டையோ புஷ்ஷையோ பார்க்க வேண்டும். பிறகு நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் டயர், அலைன்மென்ட், கேலிப்பர் மூன்றில் ஒன்று. கண்ணாடியில் புகையைப் பாருங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வு சீல். வேகமெடுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங். சூடானபின்னும் நிற்காத வெண்புகை, அதோடு கூலன்ட் இனிப்பு வாடை என்றால் ஹெட் கேஸ்கெட்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கக் குறி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களில் டயர் தேயவே தேயாது. ஆனால் ரப்பர் கெட்டியாகிவிடும். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பத்து வயது டயரில் ஈரச்சாலையில் வளைவு எடுப்பது ஆபத்து. நான்கு சக்கரத்திலும் ஒரே பிராண்டு, ஒரே வகை டயரா என்பதும் முக்கியம். பேருக்கு இரண்டு புது டயர் போட்டு விற்பவர் மிச்சம் எதில் பிடித்திருப்பார் என்று யோசியுங்கள். குறைந்த கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பெரிய தகுதியாக நினைக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் ரப்பர் குழாய், சீல், பிரேக் குழாய் எல்லாம் வயதால் கெட்டிருக்கும். ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் சீராக ஓடி, ரசீதோடு இருக்கும் காரையே எடுங்கள்.

ஸ்கேனர் மாட்டி எரர் கோடு பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு இன்னொன்றும் பாருங்கள். காரின் கணினி தானே சில சுயசோதனைகளை ஓட்டி முடித்திருக்கும். ஸ்கேனரில் அவை முடிந்தனவா, பாக்கியா என்று காட்டும். பல சோதனைகள் பாக்கி என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

எம்ஆர்2-க்கு வருகிறேன். ஓட்ட மிக இனிமையான கார். எடை ஏறக்குறைய ஒரு டன். என்ஜின் இருக்கைக்குப் பின்னால். ஆனால் 2001 கார் என்பதால் ஒரு குறிப்பிட்ட ஆபத்து இருக்கிறது. 1999 முதல் 2002 வரையான 1இசட்இசட் (1ZZ) என்ஜினில் பிஸ்டனில் ஆயில் திரும்பும் துளைகள் போதாமல் ஆயில் ரிங் அடைத்து, ஆயில் எரிய ஆரம்பிக்கும். என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள், புகையைச் சுத்தப்படுத்தும் இரண்டு சிறிய முன் கேட்டலிடிக் கன்வர்ட்டர்கள் உண்டு. எரிந்த ஆயில் அவற்றைக் கெடுத்து, உள்ளே உள்ள பீங்கான் நொறுங்கும். அந்தத் தூள் சிலிண்டருக்குள்ளேயே திரும்ப உறிஞ்சப்பட்டுச் சுவரைக் கீறும். கீறியதால் இன்னும் ஆயில் எரியும். முடிவு புது என்ஜின். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: மேனிஃபோல்டில் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச்சும் சிறு கேமராவும் விட்டுப் பாருங்கள். தேன்கூடு போன்ற பீங்கான் முழுசாக, விளிம்பு உடையாமல் இருக்க வேண்டும். சென்சாரின் நுனியில் வெண் தூள் படிந்திருந்தாலோ, பீங்கான் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தாலோ, அது எப்போது காலியானது என்பதற்கு ரசீது கேளுங்கள். முன்னாள் உரிமையாளர் திட்டமிட்டு வேறு மேனிஃபோல்டு மாட்டியிருந்தால் நல்லது, உங்கள் பகுதியின் புகைச் சோதனையில் அது செல்லுமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். தானாக நொறுங்கிக் காணாமல் போயிருந்தால் அந்தக் காரை விடுங்கள். எஸ்எம்டி என்னும் கிளட்ச் பெடல் இல்லாத கியர்பாக்ஸ் வந்த கார்களும் உண்டு. உங்களுடையது மேனுவல் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஒன்று மட்டும்: இதில் பொருள் வைக்க இடமே கிடையாது. இருக்கைக்குப் பின்னால் ஒரு பூட்டும் பெட்டி, முன்னால் ஸ்பேர் டயரைச் சுற்றிக் கொஞ்சம் இடம். இரண்டு பேர் ஒருநாள் தங்கிவரும் பையே சிரமம்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. என்ஜின் நடுவில் இருக்கும் காரில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வேகமாகச் சுழலும். முன்னால் 185, பின்னால் 205 என்று டயர் அளவே வேறு வேறாக வந்தது சும்மா இல்லை. நாலும் ஒரே அளவு போட்டிருந்தால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

பாக்ஸ்டரை ஆசைக்காகவாவது ஒருமுறை பார்ப்பீர்கள் என்று தெரியும். அதனால் அதையும் சொல்கிறேன். 2002 காரின் பின்கண்ணாடி பிளாஸ்டிக். 2003-இல்தான் கண்ணாடி வந்தது. மடிப்பில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். அது சில்லறை. பெரிய விஷயம் இடைத்தண்டு பேரிங், ஐஎம்எஸ் என்று எல்லோரும் பேசுவது. என்ஜினுக்குள் கிராங்குக்கும் கேம் செயின்களுக்கும் நடுவே ஓடும் ஒரு தண்டின் பின்முனையைத் தாங்கும் பேரிங் அது. 2002 காரில் இருப்பது ஒற்றை வரிசை பேரிங், முந்தைய இரட்டை வரிசையைவிடப் பலவீனமானது. அது சிதைந்தால் செயின் டைமிங் தவறி என்ஜின் முழுவதும் போகும். முன்னறிவிப்பு பெரும்பாலும் கிடைக்காது. கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்தப் பேரிங்கை மாற்ற முடியும். அதனால் கிளட்ச் மாற்றும்போது அதையும், கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து மாற்றுவார்கள். இந்த வேலை முடிந்ததற்கு ரசீது இருக்கும் பாக்ஸ்டருக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். ரசீது இல்லாத காரில் அந்தச் செலவு முழுவதையும் விலையில் கழியுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்புங்கள்.

வாங்கும் முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புக் காகிதத்தை வெட்டி விரித்து நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான துணுக்கு இருந்தால் பேரிங். கருப்பு, பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயின் வழிகாட்டி தேய்கிறது. ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தூக்கிப் பாருங்கள். உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் பலமாக உறிஞ்சினால் ஆயில் ஆவிப் பிரிப்பான் போய்விட்டது. அது போனால் வெண்புகை மேகமாகக் கிளம்பும். நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை நீலப்புகை வருவது மட்டும் சாதாரணம். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் ஆயில் ஒதுங்கி நிற்கும். முன் பம்பரின் இரு ஓரத் திறப்புகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். இலைகுழை அடைந்து ஈரம் தங்கி ரேடியேட்டரும் ஏசி கண்டன்சரும் அரித்திருக்கும். பின் டிக்கியில் கூலன்ட் தொட்டிப் பக்கம் தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள், தொட்டி விரிசல் விடுவதும் வழக்கம். கூரை வடிகால் அடைத்துக் காருக்குள் நீர் புகுந்தால், இருக்கைக்கு அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி நனைந்து காரே ஸ்டார்ட் ஆகாது. இத்தனையையும் தாண்டித் தேறும் பாக்ஸ்டர் அருமையான கார், முன்னும் பின்னும் டிக்கி, உங்கள் உயரத்துக்கும் வசதி. ஆனால் ஆயில் மாற்றும் அளவு கைவேலை தெரிந்தவர் வைத்துப் பராமரிக்க ஏற்ற கார் இது இல்லை. வேலை ஒவ்வொன்றும் வெளியே கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றிலுமே, முன்னாள் உரிமையாளர் மாற்றியமைத்த கார்களை ஒதுக்குங்கள். வெட்டிய ஸ்பிரிங், மலிவான கீழிறக்க சஸ்பென்ஷன், ஏர்பேக்கை எடுத்துவிட்டு மாட்டிய ஸ்டியரிங், பேரே தெரியாத டர்போ கிட் எல்லாம் விலையைக் குறைக்க வேண்டியவை. கழற்றிய அசல் பாகங்களையும் சேர்த்துத் தருகிறார் என்றால் மட்டும் யோசிக்கலாம். பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள், காப்பீட்டுத் தொகையைக் கேட்டுவிடுங்கள். இரட்டை இருக்கைக் காருக்கு அது எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும்.

எம்எக்ஸ்-5 வாங்கியபின் முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை: என்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், ஸ்பார்க் பிளக். முன்னவர் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நீண்ட இறக்கத்தில் கொதித்துப் பெடல் தளர்ந்துவிடும். வடிகால் துளைகளை வளையும் நைலான் கம்பியால் சுத்தம் செய்யுங்கள். காற்றழுத்தம் அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுகொண்டால் நீர் நேரே காருக்குள் இறங்கும். இவற்றை முடித்துவிட்டு நான்கு சக்கர அலைன்மென்ட். ஆயில் கம்பியை மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள்.

கூரை பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு: துணிக்கூரையையே எடுங்கள். 2006 முதல் வந்த மின்சாரக் கடினக்கூரை அழகானது, சத்தம் குறைவு, திருட்டுப் பயம் குறைவு. டிக்கி இடத்தையும் எடுத்துக்கொள்ளாது. ஆனால் கூடுதலாகச் சுமார் 37 கிலோ, அதுவும் மேலே. இத்தனை வயதான மோட்டாரும் சென்சாரும் ஒயரும் ஒன்று கெட்டால் பாதி வழியில் நின்றுவிடும். துணிக்கூரையை இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் மடக்கலாம், கெடுவதற்கு மோட்டாரும் இல்லை. பக்கக் கண்ணாடிகளுக்குப் பின்னால் மடிப்பு உராயும் இடத்தில் துணி நைந்து இழை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். நைந்திருந்தால் புதுத் துணிக்கூரைக்கான விலையையும், பொருத்தும் கூலியையும் விசாரித்துக்கொண்டு பேரத்தில் உட்காருங்கள்.